ஊராட்சி ஆவணம் வேண்டுமா? பதிவேட்டின் பெயர் சொல்லிக் கேளுங்கள்

தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊராட்சியின் சாலைக்கோ குடிநீர் மோட்டாருக்கோ எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கிறவர்களுக்கு, பல நேரம் ஒரே வரியில் பதில் வரும்: "விதிகளின்படி செலவு மேற்கொள்ளப்பட்டது." சட்டம் வேலைக்காகாது என்று அத்தோடு விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் கோளாறு பெரும்பாலும் மனுவின் வாசகத்தில்தான் இருக்கும். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது, அலுவலகத்தில் ஏற்கெனவே பதிவாகி இருப்பதைப் பெறும் உரிமை. மனுதாரருக்காகப் புதிதாகத் தொகுத்தோ காரணம் விளக்கியோ எழுதித் தர அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் ஒரு சி.பி.எஸ்.இ. வழக்கில் சொல்லிவிட்டது. எனவே "ஏன் தரமில்லாமல் போட்டார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் வராது. "இந்தப் பணியின் அளவுப் புத்தகப் பக்கங்களின் சான்றிட்ட நகல்" என்று கேட்டால் மறுப்பதற்குச் சட்டத்தில் காரணம் தேட வேண்டியிருக்கும்.

அதற்கு எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு சிமென்ட் சாலையை எடுத்துக்கொள்வோம். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், காசோலைப் பதிவேடு, வவுச்சர்கள் எல்லாம் ஊராட்சி அலுவலகத்தில், ஊராட்சிச் செயலர் கையில். மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, எம்-புக் என்கிற அளவுப் புத்தகம் ஆகியவை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொறியியல் பிரிவில். நிர்வாக அனுமதி, திட்டத்தைப் பொறுத்து ஒன்றியத்திலோ மாவட்ட அலுவலகத்திலோ இருக்கும். அந்தச் சாலை ஓடும் நிலம் பட்டாவா புறம்போக்கா என்பதோ வருவாய்த் துறையின் கணக்கு. அதற்கு மனுவே வேண்டாம். 'எங்கிருந்தும் எந்நேரமும்' என்ற அரசுத் தளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, நிலம் எந்த வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டையும், அதன் அளவு காட்டும் புலப்படத்தையும் பார்த்துவிடலாம். நிலக் கேள்வியையும் செலவுக் கேள்வியையும் ஒரே மனுவில் போட்டால், பாதி தாலுகா அலுவலகத்துக்கு மாற்றப்பட்டு இரண்டுமே இழுபடும். தனித்தனி மனுவாகப் போடுங்கள்.

மனு எழுதும் முன் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தைப் பாருங்கள். நிதியாண்டு, மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் ஆண்டுத் திட்டமும், நிதிக்குழு மானியத்திலிருந்து போன தொகைகளும் வவுச்சர் எண், தேதியோடு வரும். ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இடத்துக்கு இடம் மாறும். ஒரே பெயரில் பல ஊராட்சிகளும் உண்டு. ஒவ்வோர் ஊராட்சிக்கும் மத்திய அரசு கொடுத்திருக்கும் தனி எண்ணான எல்.ஜி.டி. எண்ணை ஒருமுறை குறித்துக்கொண்டால் குழப்பம் இல்லை. 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 60 விழுக்காடு குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கு என்று கட்டிவைக்கப்பட்ட பணம். மீதி 40 விழுக்காடு உள்ளூர்த் தேவைக்கு. கட்டிவைத்த பணத்தில் வேறு வேலை எழுதப்பட்டிருந்தால் அங்கேயே கண்ணில் படும். ஆனால் ஊராட்சியின் சொந்த வரி வருவாயும் மாநில மானியமும் இதில் முழுமையாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். தெருவிளக்கு, மோட்டார் பழுது, குளோரின், தொட்டி சுத்தம் போன்ற சில்லறைச் செலவுகளைக் காட்டுவது பொது நிதியின் ரொக்கப் புத்தகம்தான். எங்கள் பார்வையில், முதலில் கேட்டு வாங்க வேண்டியதும் அதுதான்.

கிராம சபையையும் விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு. வரவு செலவை அங்கே வைத்து ஒப்புதல் பெற வேண்டும். வாசிக்கும்போது தொகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரொக்கப் புத்தக நகலோடு ஒப்பிட உதவும். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஆவணம் கேட்கும்போது, பொறுப்பு ஒப்படைப்பின்போது தயாரித்த பதிவேடுகளின் பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள். "அந்த நோட்டு எங்களிடம் வரவில்லை" என்ற பதில் வந்தால் அந்தப் பட்டியல்தான் துணை.

இனி மனு. தமிழ்நாட்டில் இதற்குக் கட்டாயப் படிவம் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். சங்கத்தின் பெயரிலோ மன்றத்தின் லெட்டர்பேடிலோ எழுதாதீர்கள். உரிமை குடிமக்களுக்கானது என்று சொல்லித் திருப்பிவிட வழி உண்டு. தனிநபர் பெயரில் எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை; பிரிவு 6(2) அதைக் கேட்கக் கூடாது என்கிறது. பெறுநர் முகவரியில் "பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம்" என்று ஒன்றியத்தின் பெயரைப் போடுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், மாறுதலாகிப் போயிருப்பார். வேறு அலுவலகத்தில் இருக்கும் ஆவணமானால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்ற பிரிவு 6(3)-ஐக் கடைசி வரியில் நினைவூட்டிவிடுங்கள்.

வாசகம் இப்படி இருக்கலாம்: "1.4.2023 முதல் 31.3.2024 வரை மேற்படி ஊராட்சியின் பொது நிதி ரொக்கப் புத்தகப் பக்கங்களின் சான்றிட்ட நகல். அதே காலத்தில் தெருவிளக்குப் பொருள்கள் வாங்கிய வவுச்சர்கள், அவற்றுடன் இணைத்த விலைப்புள்ளிகள், இருப்புப் பதிவேட்டின் உரிய பக்கங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல். மேற்படி காலத்துக்கான தணிக்கை அறிக்கை, தணிக்கைத் தடைகளுக்கு அளித்த பதில்கள் ஆகியவற்றின் நகல்." வவுச்சரையும் இருப்புப் பதிவேட்டையும் சேர்த்துக் கேட்பதில் காரணம் இருக்கிறது. பில்லில் 60 பல்பு, இருப்பில் 60 வரவு, எந்தக் கம்பத்துக்குப் போனது என்ற பதிவு மட்டும் இல்லை என்றால், அந்த இடைவெளி இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஒரு மனுவில் ஓர் ஆண்டு, ஒரு பொருள். "பத்தாண்டு ஆவணங்கள் அனைத்தும்" என்று கேட்டால், அலுவலகத்தின் ஆளும் நேரமும் அளவுக்கு மீறிச் செலவாகும் என்று பிரிவு 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு கேட்ட வடிவத்தை மாற்றத்தான் இடம் தருகிறதே தவிர மறுக்க அல்ல என்றாலும், மாதங்கள் ஓடிவிடும்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் என்றால் விரைவுத் தபால். சேர்ந்த விவரத்தை உடனே அச்செடுத்து வையுங்கள். 30 நாள் கணக்கு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து ஓடுகிறது. நகல் கட்டணம் பக்கத்துக்கு 2 ரூபாய். கட்டணக் கடிதம் வந்ததும் தாமதிக்காமல் கட்டுங்கள், ஏனென்றால் கடிதம் அனுப்பியதற்கும் நீங்கள் கட்டியதற்கும் இடைப்பட்ட நாள்கள் அந்த 30-இல் சேராது. கெடு தாண்டிய பிறகு பணம் கேட்டால், பிரிவு 7(6)-இன்படி இலவசமாகத் தர வேண்டும் என்று எழுதுங்கள்.

சின்ன ஊரில் மனு போட்டவர் யார் என்பது மறுநாளே ஒப்பந்ததாரருக்குத் தெரிந்துவிடும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தியக் குடிமகன் யாரும் எந்த ஊராட்சியைப் பற்றியும் கேட்கலாம். எனவே வெளியூர் நண்பர் பெயரில், அவர் முகவரியில் மனு போவது முற்றிலும் சட்டப்படியானது.

பக்கங்கள் அதிகம் என்றால் நகலுக்கு முன் நேரில் பார்வையிடக் கேளுங்கள். பிரிவு 2(ஜே) ஆவணங்களை மட்டுமல்ல, நடந்த வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. பலரும் பயன்படுத்தாத உரிமை இது. பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. எம்-புக்கில் நீளம், அகலம், கனம் தனித்தனிப் பத்தியில் இருக்கும். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நீளத்தையும் அகலத்தையும் யாரும் அளந்துவிடலாம். கனம் சாலையின் ஓரத்தில், மண்ணை விலக்கினால் தெரியும். கனம் 0.15 என்று எழுதி 0.10 போட்டிருந்தால் 15 கன மீட்டர் காணோம் என்று பொருள். அளந்த தேதி, சரிபார்த்த பொறியாளரின் கையெழுத்து, பணம் போன தேதி மூன்றையும் குறியுங்கள். பணம் முன்பும் அளவு பின்பும் இருந்தால் அந்தப் பக்கத்தின் நகல் கட்டாயம் வேண்டும்.

மறுப்புகளில் இரண்டு அடிக்கடி வரும். ஒன்று, "கோப்பு கிடைக்கவில்லை." எந்தத் தகவலைத் தர மறுக்கலாம் என்று சட்டம் சொல்லும் விலக்குப் பட்டியலில் அப்படி ஒரு காரணமே இல்லை. காணாமல் போனால் தேட வேண்டும், பொறுப்பை விசாரிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மற்றொன்று, "தனிநபர் தகவல்." பிரிவு 8(1)(ஜே), 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் திருத்தப்பட்டு இறுக்கமாகிவிட்டது. வீடு கட்டும் திட்டம் போன்றவற்றின் பயனாளி பட்டியல் கேட்கும்போது, மானியத் திட்டங்களின் பயனாளி விவரத்தை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும் என்கிற பிரிவு 4(1)(பி)-ஐயும், பொதுநலன் பற்றிய 8(2)-ஐயும் குறிப்பிடுங்கள். ஆதார், கைபேசி, வங்கி எண்களை மறைத்துவிட்டுத் தரலாம் என்று நீங்களே எழுதிவிட்டால் மறுக்க மேலும் ஒரு காரணம் குறையும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. கட்டணம் இல்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் வரவில்லை என்று வரிசை எண்ணோடு எழுதுங்கள். புதுக் கேள்வி எதையும் நுழைக்காதீர்கள். அவருக்கு 30 நாள், காரணம் பதிவு செய்தால் 45 நாள் வரை அவகாசம். அதன் பிறகு 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. கோபத்தில் நேராகப் பிரிவு 18-இல் புகார் அனுப்புவோர் உண்டு. அபராதம் கேட்க அது பொருத்தம்தான், நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை. ஆனால் பிரிவு 18 புகாரில் ஆவணத்தைக் கொடு என்று ஆணையம் உத்தரவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் மணிப்பூர் வழக்கில் முடிவு செய்துவிட்டது. ஆவணம் வேண்டுமானால் பிரிவு 19(3)-இல், அதாவது இரண்டாம் மேல்முறையீட்டில் போங்கள். அதே மனுவில் இலவச நகல், பிரிவு 20 அபராதம், 19(8)(பி) இழப்பீடு மூன்றையும் தனித்தனிக் கோரிக்கையாக எழுதுங்கள்.