கொடுவாக்குப் போய் கெளுத்திகிட்ட குத்து வாங்குன கதை

தை பொறந்து நாலஞ்சு நாள் இருக்கும், அமாவாசைக்கு இன்னும் மூணு நாள். காலைல நாலேகாலுக்கு மச்சான் வாசல்ல வந்து ஹாரன் அடிக்கிறான், அம்மா பாதி தூக்கத்துல "அந்த பெட்ரோல் காசுக்கு மீனே வாங்கிடலாம்டா"ன்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துட்டாங்க. ஈசிஆர்ல முட்டுக்காடு பாலம் தாண்டி கோவளம் பக்கம் வண்டிய போட்டுட்டு, ஹெட்லைட்ட நெத்தியில கட்டிக்கிட்டு காயல் கடல்ல சேர்ற முகத்துவாரம் வரைக்கும் மணல்ல நடை, கொடுவா மீன தூண்டில்ல புடிக்க.

வெயில் காலத்துல இந்த முகத்துவாரத்த கடலே மணல தள்ளி மூடிடும், ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம்தான் நல்லா தொறந்து தண்ணி உள்ள வெளிய போயிட்டு வரும். தண்ணி உள்ள ஏறும்போது நமக்கு பெருசா வேலை இல்ல. வத்த ஆரம்பிக்கும் பாருங்க, அப்போ காயல்ல இருக்குற மடவைக் குஞ்சு, இறாலு எல்லாம் ஓட்டத்தோட வெளிய வரும், கொடுவா மணல் திட்டு ஓரமா ஓட்டம் படாத இடத்துல மூக்க நீட்டிக்கிட்டு நிப்பான். அன்னைக்கு ஏழு மணி வாக்குல வத்தம் ஆரம்பிக்கும்னு கணக்கு, அதுவரைக்கும் இரைய ரெடி பண்ணலாம்னு பிளான்.

வீச்சு வலை போட்டுட்டிருந்த அண்ணன் ஒருத்தர்கிட்ட விரல் நீள மடவை பத்து, கொஞ்சம் உயிர் இறால் வாங்கினோம். பக்கெட்ல மீன் தொட்டிக்கு வைக்கிற பேட்டரி மோட்டார போட்டு, ஐஸ் கட்டின தண்ணி பாட்டில் ஒண்ண மூடியோட அப்படியே உள்ள போட்டுடுவோம், தண்ணி சூடாச்சுன்னா இறால் பொசுக்குனு போயிடும். இறாலுக்கு தலைக் கொம்புக்கு கீழ தூண்டில் முள்ள ஏத்தணும், உள்ள கருப்பா தெரியுற புள்ளியில பட்டுச்சுன்னா அப்பவே செத்துடும். மடவைக்கு மேல் உதடு.

நான் லூர், அதாவது மீன் மாதிரி செஞ்ச பொய் இரை, அதுல பைத்தியம், மச்சான் உயிர் இரை கட்சி, இதுல எங்களுக்குள்ள அஞ்சு வருஷமா சண்டை. அவன் ராட மணல்ல நட்டுட்டு பிஸ்கட் தின்பான், எனக்கு சும்மா நிக்க ஆகாது, வீசிக்கிட்டே இருக்கணும். ஆறே முக்கால், வெளிச்சம் லேசா செவக்குது, 9 சென்டிமீட்டர் மின்னோ லூர திட்டுக்கு அந்தாண்ட போட்டு மெதுவா சுத்துறேன், நிறுத்துறேன், திரும்ப சுத்துறேன். ஏழே காலுக்கு தண்ணி திரும்புச்சு, ரெண்டாவது வீச்சுலயே நிறுத்துன இடத்துல 'டொப்'னு ஒரு சத்தம், ராட் வளைஞ்சு, தூண்டில் நரம்ப விட்டுக் குடுக்குற ரீல் டிராக் கத்துது, கொடுவா முழு உடம்பும் தண்ணிக்கு மேல வந்து தலைய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒதறினான் பாருங்க, வாயத் தொறந்தா கை போற அளவு. மூணு செகண்டு. அவ்ளோதான், நரம்பு தொங்கிடுச்சு.

இழுத்துப் பாத்தா லூர் இருக்கு, மூணு முள் கொக்கில ரெண்டு முள்ளு குண்டூசி மாதிரி நிமிந்து கெடக்கு. ஆன்லைன்ல ஆஃபர்ல வாங்கின செட்டு, கொக்கிய மட்டும் மாத்துடான்னு மச்சான் போன வாரமே சொன்னான். கொக்கிக்கு 200 ரூபா பாத்தேன், மீன் போச்சு.

அந்த ஆத்திரத்துல நானும் கீழ ஈயம் போட்டு இறால் கோத்து விட்டேன், வந்தது கெளுத்தி. முள்ள கழட்டும்போது துள்ளுச்சு, பக்கத் துடுப்பு முள்ளு வலது கை கட்டைவிரலுக்கு கீழ எறங்கிடுச்சு. ரம்பம் மாதிரி பல்லு இருக்கும் அதுல, வெளிய இழுக்கும்போதுதான் உயிர் போகும். பத்து நிமிஷத்துல வலி முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு. டீக்கடை அக்கா பாத்ததும் ஒண்ணும் கேக்கல, பாய்லர்லேந்து சுடுதண்ணி புடிச்சு, பச்சத்தண்ணி கலந்து "பொறுக்குற சூடா இருக்கானு இன்னொரு கைய விட்டுப் பாத்துட்டு வைப்பா"ன்னாங்க. அந்த விஷம் புரதம், சூட்டுல கெட்டுப்போகும், அதான் விஷயம். அரை மணி நேரத்துல வலி பாதியாச்சு. அப்புறம் டாக்டர்கிட்ட போய் முள்ளு உள்ள ஒடைஞ்சு நிக்கலன்னு பாத்து டெட்டனஸ் வராம இருக்க டிடி ஊசியும் போட்டுக்கிட்டேன், இத மட்டும் சோம்பேறித்தனமா விட்றாதீங்க.

நான் டீக்கடைல கைய ஊறப்போட்டுட்டு இருந்த நேரத்துல மச்சானோட மடவைய ஒரு கொடுவா எடுத்திருக்கான். மச்சான் போட்டது வளைஞ்ச சர்க்கிள் ஹூக், சுண்டி இழுக்காம நரம்ப இறுக்கினாலே வாய் ஓரத்துல மாட்டிக்கும். ரெண்டு கிலோ சொச்சம் கொடுவா, கண்ணு வெயில்ல தங்கமா மின்னுது, செவுள் மூடி ஓரம் பிளேடு, அதுல கை வைக்காதன்னு எனக்கு பாடம் வேற எடுக்குறான். இந்த சைஸ் அனேகமா ஆணாத்தான் இருக்கும், கொடுவா ஆணா ஆரம்பிச்சு நல்லா பெருத்த பிறகுதான் பொட்டையா மாறும், அதனால ரொம்ப பெருசு கெடச்சா விட்டுடணும்னு எங்களுக்குள்ள பேச்சு. விடுற அளவு பெருசு இன்னும் மாட்டல, அது வேற. இதே முட்டுக்காட்டுல பண்ணை வச்சிருக்கிற சிபாக்காரங்கதான் (உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி பண்ற மத்திய அரசு நிறுவனம்) 1997ல இந்தியாலயே முதல் தடவையா கொடுவாவ தொட்டில குஞ்சு பொரிக்க வச்சாங்க. அங்க தொட்டில இருக்கு, இங்க எனக்கு மாட்ட மாட்டேங்குது.

மதியம் மச்சான் வீட்லேந்து தூக்குல கொழம்பு வந்துச்சு, தலை துண்டோட. வலது கை பன்னு மாதிரி வீங்கி இருக்கு, அம்மா திட்டிக்கிட்டே முள்ளெடுத்து ஊட்டி விட்டாங்க, எனக்கு வயசு 34.