பன்றி நெஞ்செலும்பு பைய வேகணும்

நெஞ்செலும்பு மெத்தென்று வருவதற்கும் மசாலாவுக்கும் பெரிய தொடர்பு கிடையாது. பப்பாளிக்காய் அரைத்துத் தடவினேன், தயிரில் ராத்திரி முழுக்க ஊற வைத்தேன், அப்படியும் கடிக்க முடியவில்லை என்று சொல்கிற எல்லோரிடமும் நான் இதைத்தான் சொல்கிறேன். பப்பாளி கறியின் மேல்பக்கத்தை மட்டும் குழைய வைக்கும். எலும்பை ஒட்டிக் கிடக்கிற சதை அப்படியே விறைத்துப்போய் இருக்கும். அந்த இடத்தை இளக்குவது மிதமான சூடும் அதற்குக் கொடுக்கிற நேரமும்தான்.

நான் பனகுடியில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். கிறிஸ்துமஸ், புதுநன்மை, கல்யாணம் என்று ஆர்டர் வரும். மற்ற நாட்களில் என்னுடைய ஓடிஜி (கேக் சுடுகிற சின்ன மின்சார ஓவன்) சும்மா இருக்கும். பன்றிக்கறி எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. தவக்காலம் முடிந்து ஈஸ்டர் அன்றைக்கு அத்தை மண்சட்டியில் மிளகும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுப்பார்கள். அதை மிஞ்ச எனக்குத் தெரியாது, மிஞ்சவும் வேண்டாம். ஆனால் நெஞ்செலும்பை முழுசாக வாட்டிச் சாப்பிடுவது வேறு ருசி. வேலைக்கு வெளிநாடு போய்வந்த என் கொழுந்தனார்தான் இதைக் கேட்டுக்கேட்டு எங்கள் வீட்டில் பழக்கமாக்கினார்.

கறி வாங்குவதிலேயே பாதி வேலை இருக்கிறது. நம்ம ஊர்ப் பக்கம் ‘வெண்பன்றி இறைச்சி’ என்று பலகை போட்டிருக்கிற கடைகளில் நெஞ்செலும்பைக் கேட்ட உடனே கட்டையில் வைத்துக் குழம்புக்குத் துண்டு போட்டுவிடுவார்கள். கத்தியை எடுப்பதற்கு முன்னாடியே சொல்லிவிட வேண்டும்.

“அண்ணாச்சி, நெஞ்செலும்ப வெட்டிராதீங்க. அப்படியே பலகையாத் தாங்க.”

“முழுசாவா? சட்டியில கொள்ளாதேம்மா.”

“சட்டியில வைக்கல அண்ணாச்சி. தோல எடுத்துட்டு, கொழுப்பு கொஞ்சம் போல இருக்கட்டும்.”

இப்போது என்னைப் பார்த்தாலே எடுத்து வைத்துவிடுகிறார். முதுகுத்தண்டை ஒட்டிய மேல்பக்கத்து எலும்பு சின்னதாக வளைந்திருக்கும், கறி இளசு. வயிற்றுப் பக்கம் இறங்குகிற எலும்பு நீளம், கொழுப்பும் குருத்தெலும்பும் அதிகம். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். நேரம் கூடுதலாக எடுக்கும், ஆனால் கொழுப்பு உருகி இறங்குகிற ருசி அதில்தான் இருக்கிறது. எதை வாங்கினாலும் எலும்புக்கு மேலே ஒரு விரல் தடிமனுக்காவது சதை இருக்கட்டும். எலும்பு வெள்ளையாகத் தெரிகிற அளவுக்குச் சீவியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பலகையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எலும்பின் உள்பக்கம் முழுக்க ஒரு வெள்ளைச் சவ்வு பளபளவென்று ஒட்டியிருக்கும். எவ்வளவு நேரம் வைத்தாலும் அது மெத்தென்று ஆகாது, உப்பையும் எளிதாக உள்ளே விடாது. ஓரத்து எலும்பின் மேல் கரண்டிக் காம்பை நுழைத்து லேசாக நெம்பினால் சவ்வு தூக்கிக்கொள்ளும். கையில் வழுக்கும், அதனால் ஒரு காய்ந்த துணியால் பிடித்து ஒரே சீராக இழுக்க வேண்டும். நடுவில் அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து மறுபடி நெம்பலாம். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் கடைசியில் பல்லில் இழுபடும்.

முந்தின ராத்திரியே உப்புத் தடவிவிடுவேன். ஒரு கிலோவுக்கு 15 கிராம் தூள் உப்பு, அதற்கு மேல் வேண்டாம். கூடவே கரகரப்பாக இடித்த மிளகு, வறுத்த மல்லி, கொஞ்சம் சீரகம், சுக்குப்பொடி. சுக்கை விட்டுவிடாதீர்கள்; பன்றிக்கறியின் கொழுப்புக்கு அது நன்றாகப் பொருந்தும். இனிப்பு எதையும் இந்தக் கட்டத்தில் சேர்ப்பதில்லை.

குக்கரில் நாலு விசில் விட்டு எடுத்துப் பிறகு வாட்டினால் போதாதா என்று கேட்பார்கள். குக்கருக்குள் சூடு 120 டிகிரி செல்சியஸ் வரை போகும், கறி வெந்துவிடும், உண்மைதான். ஆனால் சாறெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். சதை நாராகப் பிரிந்து, தூக்கும்போதே எலும்பை விட்டு விழும். அதை அடுப்புக்கரியின் மேல் வைக்கவே முடியாது. குழம்புக்குக் குக்கர் நல்லது, சாறு குழம்பிலேயே இருக்கும். வாட்டுகிற கறிக்குச் சாறு சதைக்குள் இருக்க வேண்டும்.

நெஞ்செலும்புச் சதையை விறைப்பாகப் பிடித்து வைத்திருப்பது இணைப்புத் திசுவில் இருக்கிற கொல்லாஜன் என்கிற புரதம். சுமார் 70 டிகிரியைத் தாண்டிய பிறகு அது பைய உருகி ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் சூப்பை ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் பார்த்தால் கட்டியாக உறைந்திருக்கிறதே, அது இந்த ஜெலட்டின்தான். உருகுவதற்கு நேரம் வேண்டும். வெளிச்சூட்டை ஏற்றினால் உள்ளே உருகுவதற்குள் மேல்பக்கம் காய்ந்து சருகாகிவிடும். அதனால் ஓடிஜியை 130 டிகிரியில் வைக்கிறேன். கறிக்குள் சூடு 90, 93 டிகிரிக்கு வரும்போது கை வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

பன்றிக்கறி என்றாலே நாடாப்புழு பயம் பெரியவர்களுக்கு உண்டு. அரைவேக்காட்டுக் கறியில் அந்தப் பயம் நியாயமானது. பல மணி நேரம் வெந்து உள்ளே 90 டிகிரிக்கு வந்த கறியில் புழுவின் குட்டிகள் பிழைக்காது. இந்தப் புழுவால் மூளையில் நீர்க்கட்டி வருகிற நோய் வருவதோ, அந்தப் புழுவின் முட்டை கழுவாத கீரையிலும் கெட்ட தண்ணீரிலும் அழுக்குக் கையிலும் உள்ளே போவதால். ஆகவே பச்சைக்கறி தொட்ட கையையும் வெட்டுகிற பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கூட வைக்கிற வெள்ளரியையும் நன்றாகக் கழுவுங்கள்.

வேக வைக்கிற முறை சின்னதுதான். பலகை 28 லிட்டர் ஓடிஜியில் முழுசாக நுழையாது, நடுவில் இரண்டாக வெட்டிக்கொள்ளலாம். கம்பித்தட்டில் சதைப்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, அடியில் சொட்டுகிற கொழுப்பைப் பிடிக்க ஒரு தட்டு. முதல் ஒரு மணி நேரம் மூடாமல். மேல்பக்கம் நிறம் மாறி, தொட்டால் மசாலா கையோடு வராத நிலைக்கு வந்ததும் எடுத்து, மூன்று கரண்டி நீர்த்த புளித்தண்ணீர் தெளித்து, அலுமினியத் தாளில் காற்றுப் போகாமல் சுற்றி மறுபடி உள்ளே வைப்பேன். இன்னும் ஒன்றரை மணி, சில சமயம் இரண்டு மணி. தாளில் சுற்றுவதற்குக் காரணம் உண்டு. திறந்து வைத்த கறி ஒரு கட்டத்தில் 70 டிகிரிப் பக்கம் வந்து அப்படியே நின்றுவிடும். மேலே கசிகிற ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போவதால் அப்படி. சுற்றிவிட்டால் ஆவி வெளியே போகாது, சூடு மேலே ஏறும், கறியும் காயாது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் மூணு–ரெண்டு–ஒண்ணு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று மணி திறந்து, இரண்டு மணி சுற்றி, கடைசி ஒரு மணி மறுபடி திறந்து, மொத்தம் ஆறு மணி. அது அங்கே கிடைக்கிற பெரிய நெஞ்செலும்புக்கும் புகையடுப்பின் குறைந்த சூட்டுக்கும் போட்ட கணக்கு. நம்ம கடையில் கிடைக்கிறது சின்னது. அவ்வளவு நேரம் வைத்தால் கூழாகிவிடும். ஓடிஜி குமிழில் போட்டிருக்கிற எண்ணையும் நம்ப வேண்டாம். உள்ளே வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 130-க்குத் திருப்பினால் 160 காட்டுகிற ஓடிஜி எத்தனையோ இருக்கிறது. கேக் செய்கிறவர்களுக்கு இது தெரியும்.

இந்தச் சமையல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனவர் ஹென்றி பெர்ரி. டென்னசியில் பிறந்த கறுப்பின மனிதர். 1908 வாக்கில் அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்தில் தொழிலாளிகளுக்குப் புகையில் வாட்டிய கறியைச் செய்தித்தாளில் மடித்து விற்க ஆரம்பித்தார். அந்த ஊரின் பார்பிக்யூ அவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்கிறார்கள். உழைக்கிற கூட்டத்துக்கு மலிவாகக் கிடைத்த கறியை, பொறுமையால் மட்டும் இவ்வளவு ருசியாக்கிய கை அது. நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

இனி கரி. முழு வேலையையும் கரியடுப்பிலேயே செய்யலாம்தான், ஆனால் எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் அது நடக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேக்காத்து காற்றாலைக் காத்தாடிகளைச் சுற்றுகிற வேகத்துக்கு, கரி நிமிஷத்தில் சிவந்து எரிந்து சாம்பலாகிவிடும். சூட்டை ஒரு நிலையில் நிறுத்தவே முடியாது. அதனால் நீண்ட வேக்காடு ஓடிஜியில், கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் கரியில். வீட்டுக்குக் கிழக்கே, சுவர் மறைவில் அடுப்பை வைத்துக்கொள்வோம். கரி சீமைக்கருவேலக் கரி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக வரும், நல்ல வலுவான சூடு. அதன்மேல் காய்ந்த கொய்யாக் கவட்டை இரண்டு போட்டால் வாசனையான புகை வரும். மாங்கொம்பும் நல்லதுதான். வேப்பங்கொம்பு கசப்பை ஏற்றும், பெட்டி உடைத்த பைன் பலகை பிசின் நாற்றம் அடிக்கும், இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைக்கவே கூடாது. காய்ந்த சிரட்டை நாலைந்தை அடியில் வைத்துக் கொளுத்தினால் போதும், கரி தானாகப் பிடித்துக்கொள்ளும்.

மேலே பூசுகிற சாறுதான் இந்தப் பதிவில் என் சொந்தச் சரக்கு. கடையில் பாட்டிலில் வருகிற பார்பிக்யூ சாஸில் இனிப்பு, புளிப்பு, காரம், கொஞ்சம் கருகல் வாசனை, இவ்வளவும் இருக்கும். இது நாலும் நம்ம அடுப்படியிலேயே இருக்கிறதே. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் எங்கள் வீடுகளில் அது எப்போதும் இருந்தது. 100 கிராம் கருப்பட்டியைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி வடிகட்டிக்கொள்ளுங்கள். அடியில் மண் நிற்கும், வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். பத்துச் சின்ன உள்ளியையும் (சின்ன வெங்காயம்) ஒரு பூண்டின் பாதியையும் அடுப்புத் தீயில் தோலோடு சுட்டு, தோலை உரித்து, மூன்று தக்காளி, ஊற வைத்த நாலு காய்ந்த மிளகாயோடு சேர்த்து அரைக்கவும். கொஞ்சம் எண்ணெயில் அரைத்ததை வதக்கி, எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, கருப்பட்டிப் பாகும் உப்பும் மிளகுத்தூளும் சேர்த்து, கரண்டியின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்கிற பதம் வரும்வரை காய்ச்சவும். கடைசியில் அலுமினியத் தாளில் தேங்கியிருக்கிற கறிச்சாற்றில் இரண்டு கரண்டி. அந்த இரண்டு கரண்டிதான் இதைக் கடைச் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும்.

கருப்பட்டி சேர்ந்த சாறு என்பதால் தீயில் சீக்கிரம் கருகும், கருகினால் கசக்கும். அதனால்தான் முதலிலேயே தடவுவதில்லை. தாளைப் பிரித்து, கறியை ஐந்து நிமிஷம் ஆற விட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு. கரிக்கு நேர் மேலே வைக்காமல் ஓரமாக வைத்து இரண்டு நிமிஷம். திருப்பிப் போட்டு இன்னொரு பூச்சு. மூன்று, நாலு தடவை இப்படிப் பூசினால் மேலே பளபளப்பாகப் பிடித்துக்கொள்ளும்.

வெந்ததா என்று பார்க்கக் கடிகாரத்தைவிடக் கை நல்லது. இடுக்கியால் பலகையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். மறுமுனை தொங்கி, மேல்சதையில் லேசாக வெடிப்பு விட்டால் சரியான பதம். விறைப்பாக நின்றால் இன்னும் அரைமணி உள்ளே. சாப்பிடும்போது கடித்த இடத்தில் மட்டும் சதை எலும்பை விட்டு வர வேண்டும், மற்ற இடம் எலும்பைப் பிடித்தபடி நிற்க வேண்டும். ‘எலும்பு தானா கழண்டு விழுந்துச்சு’ என்று சொல்வதைப் பெருமையாக நினைக்கிறார்கள். எனக்கு அது கூடுதலாக வெந்த கறி. எலும்பைக் கையில் பிடித்துக் கடித்துச் சாப்பிடத்தானே இவ்வளவு நேரம் காத்திருந்தோம்!

ஓடிஜி இல்லாதவர்கள் விட்டுவிட வேண்டியதில்லை. மசாலா தடவிய பலகையை நாலு எலும்பாக வெட்டித் தாளில் இறுக்கிச் சுற்றி, இட்லிக் கொப்பரையில் தட்டின் மேல் வைத்து ஆவியில் வேக விடுங்கள். தண்ணீர் கறியைத் தொடாது, சூடும் 100 டிகிரியைத் தாண்டாது. ஒன்றரை மணிக்கு மேல் ஆகும். நடுவில் தண்ணீர் வற்றாமல் பார்த்து ஊற்ற வேண்டும். பிறகு கரியிலோ, கரி இல்லையென்றால் காய்ந்த தோசைக்கல்லிலோ சாற்றைப் பூசித் திருப்பித் திருப்பிப் போடலாம். புகை வாசனை கொஞ்சம் குறையும். மெத்தென்று இருப்பதில் குறை இருக்காது. அத்தைக்கு ஓடிஜியில் செய்ததைவிட இந்த ஆவிக்கறிதான் பிடித்திருக்கிறது, “இதுல சாறு நிக்கி” என்பார்கள்.

எலும்பு எடை போக, ஆளுக்கு 400 கிராம் கணக்கு வைத்து வாங்குங்கள். கடையில் சனிக்கிழமை சாயங்காலமே சொல்லி வைத்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து போனால் நெஞ்செலும்பு எல்லாம் குழம்புக்கு வெட்டி முடிந்திருக்கும்.