அலுவலகத்துக்கு ஒரு பொது நாட்காட்டி: சோகோ சர்வரை அமைத்த அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் கூட்ட அறைகளுக்கு ஓர் எக்ஸெல் தாள், விடுப்புகளுக்கு இன்னொரு தாள், மற்றவற்றுக்கு அவரவர் கைப்பேசி என்று இருந்தது. இவற்றையெல்லாம் ஒரே நாட்காட்டி சர்வருக்குள் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்த மென்பொருள் என்பதுதான் பெரிய முடிவு என்று எல்லோரும் நினைத்தார்கள். அது சீக்கிரமே முடிந்துவிட்டது. யார் யாருடைய நாட்காட்டியில் எவ்வளவு பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கத்தான் மாதக்கணக்கில் ஆனது. இந்த வேலையில் இறங்குபவர்கள் தங்கள் நேரத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். தங்கள் விவரம் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை வராதவரை யாரும் பொது நாட்காட்டியில் எதையும் எழுதமாட்டார்கள்.

மென்பொருள் தேர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியும் கணினியும் சர்வரோடு நாட்காட்டியைப் பரிமாறிக்கொள்ளும் பொது முறையான கால்டாவ் நெறிமுறையை (2007இல் ஆர்எஃப்சி 4791 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்தது) பேசும் சர்வராக இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. ஐபோனும் தண்டர்பேர்டு மின்னஞ்சல் மென்பொருளும் அதை நேரடியாகப் பேசும். ஆண்ட்ராய்டில் டாவ்எக்ஸ்5 செயலியை நிறுவிக்கொள்ளலாம்; அவுட்லுக்குக்குத் தனியாக ஓர் இணைப்பு மென்பொருள் வேண்டும். இத்தகைய சர்வர்களில் ரேடிகேல் மிக எளிமையானது. நாட்காட்டிகளைச் சாதாரணக் கோப்புகளாகவே வைத்துக்கொள்ளும். சிறு குழு என்றால் நான் தயங்காமல் அதைத்தான் பரிந்துரைப்பேன். எங்களுக்கோ கூட்ட அழைப்புகளைச் சர்வரே கையாள வேண்டும், அறைகள் தாமாகவே பதிவாக வேண்டும், பயனர் பட்டியல் எல்டாப்பிலிருந்து (அலுவலகக் கணக்குகளின் மையப் பதிவேடு) வர வேண்டும். அதனால் நாட்காட்டி சர்வராக சோகோ, தரவுத்தளத்துக்கு போஸ்ட்கிரெஸ், கோரிக்கைகளை முதலில் வாங்கிக்கொள்ளும் இணையச் சர்வராக முன்னால் என்ஜின்எக்ஸ்.

நிறுவும்போது பலர் விட்டுவிடும் ஒன்று, ஆர்எஃப்சி 6764 சொல்லும் ‘வெல்-நோன்’ முகவரி; நாட்காட்டி எங்கே இருக்கிறது என்று சாதனங்கள் முதலில் கேட்கும் இடம் அது. அந்த முகவரிக்கு வரும் கோரிக்கையைச் சோகோ நாட்காட்டிகளைத் தரும் டாவ் பாதைக்குத் திருப்பிவிட என்ஜின்எக்ஸில் ஒரே ஒரு வரி போதும். அதன்பின் ஐபோன் வைத்திருப்பவர் சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றை மட்டும் கொடுத்தால் நாட்காட்டிகள் தாமாக வந்து நிற்கும். அந்த வரி இல்லாவிட்டால் நீண்ட முகவரியை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்தது அனுமதிகள். சோகோவில் ஒவ்வொரு நிகழ்வும் பொது, இரகசியம், தனிப்பட்டது என்ற மூன்று வகைகளில் ஒன்றில் அடங்கும். ஒவ்வொரு வகைக்கும் முழுவதையும் பார்க்கலாம், நாளும் நேரமும் மட்டும் பார்க்கலாம், பதில் அளிக்கலாம், திருத்தலாம், எதுவும் கூடாது என்று தனித்தனியாக உரிமை கொடுக்கலாம். புதிய பயனர்களுக்கு இயல்பாக எந்த உரிமை என்பதை அமைப்புக் கோப்பில் ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரிக்காகத் துறைதோறும் உட்கார்ந்து பேசினோம். எல்லாம் எல்லோருக்கும் தெரியட்டும் என்றார்கள் திட்டக் குழுவினர். மனிதவளத் துறையினரின் நாட்காட்டியிலோ நேர்காணலுக்கு வருபவர்களின் பெயர்கள் இருந்தன. ஒரு பெயர் கசிந்தாலே அந்த நபர் இப்போது பார்க்கும் வேலைக்கு ஆபத்து. கடைசியில், பொது நிகழ்வானாலும் சக ஊழியர்களுக்கு நேரம் மட்டுமே தெரியும், அதற்கு மேல் காட்ட விரும்புகிறவர் தாமே திறந்துவிடலாம் என்று முடிவாயிற்று. மேலதிகாரிகளின் உதவியாளர்களுக்குப் பொது நிகழ்வுகளைத் திருத்தும் உரிமை உண்டு. தனிப்பட்டவற்றின் தலைப்புகூட அவர்கள் கண்ணில் படாது.

இன்னொன்றையும் எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொன்னோம்: சர்வர் நிர்வாகிகள் நினைத்தால் தரவுத்தளத்தைத் திறந்து எதையும் படிக்க முடியும். அதைத் தொடுவதற்கு யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பதை எழுதிவைத்தோம். இதைச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று சிலர் தடுத்தார்கள். சொன்ன பிறகுதான் தயங்கிக்கொண்டிருந்தவர்கள் கணக்கை இணைத்தார்கள்.

கூட்ட அறைகளை எல்டாப்பில் தனிப் பதிவுகளாகச் சேர்த்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே நேரத்தில் எத்தனை முன்பதிவுகள் என்ற எண் உண்டு. அறைக்கு 1. பொதுப் பயன்பாட்டுக்கு ஒரே மாதிரி மூன்று மடிக்கணினிகள் இருந்தால் 3. அந்த எண்ணைக் கொடுக்காமல் விட்டாலும், 0 கொடுத்தாலும், வரம்பே இல்லை என்றுதான் சோகோ எடுத்துக்கொள்ளும். அறைகள் இரட்டைப் பதிவாகின்றன என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். எண் சரியாக இருந்தால், இரண்டாவதாக வருபவருக்கு அறை ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்று சேமிக்கும்போதே செய்தி வந்துவிடும். காலை பத்து மணிக்கு இரண்டு குழுக்கள் ஒரே கதவின் முன் நிற்பது அன்றோடு நின்றது.

பழைய தரவை ஏற்றுவதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஏற்றும் கோப்பில் அழைக்கப்பட்டவர்களின் முகவரிகள் இருந்தால், முடிந்துபோன கூட்டங்களுக்கும் சர்வர் புதிதாக அழைப்பு அனுப்பத் தொடங்கலாம். மின்னஞ்சல் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, முதலில் சோதனை சர்வரில் ஏற்றிப் பார்த்தோம். ஒவ்வொரு நிகழ்வுக்கும் உரிய யுஐடி என்ற தனி அடையாளத்தை அப்படியே வைத்துக்கொண்டதால், மறுபடியும் ஏற்றியபோது எதுவும் இரண்டாகவில்லை.

சோதனையில் ஒரு விநோதம் கண்ணில் பட்டது. லண்டன் நேரப்படி காலை பத்துக்கு நடக்கும் வாராந்திரக் கூட்டம், ஏப்ரலுக்குப் போனதும் பதினொன்று என்று காட்டியது. கோப்பைத் திறந்து தொடக்க நேரம் குறிக்கும் வரியைப் பார்த்தேன். எண்களின் முடிவில் ‘இசட்’ என்ற ஒற்றை எழுத்து. உலகப் பொது நேரம் என்று அதற்குப் பொருள். பழைய மென்பொருள் எல்லாக் கூட்டங்களையும் அப்படியே எழுதி வைத்திருந்தது. ஒருமுறை நடந்து முடியும் கூட்டத்துக்கு அதனால் பாதகம் இல்லை. தொடர் கூட்டமாக இருந்தால், மார்ச் கடைசி ஞாயிறன்று பிரிட்டனில் கடிகாரத்தை முன்னே நகர்த்தியதும் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போய்விடும். அமெரிக்காவில் அது மார்ச் இரண்டாம் ஞாயிறிலேயே மாறிவிடுவதால், இடைப்பட்ட வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் ஐந்துக்குப் பதில் நான்கு மணி நேரமாகிவிடுகிறது. தொடர் கூட்டங்கள் ஒவ்வொன்றையும், அதை நடத்துபவர் இருக்கும் ஊரின் நேர மண்டலப் பெயரோடு மாற்றி எழுதிய பிறகே ஏற்றினோம். சர்வரின் நேர மண்டலத் தரவுத் தொகுப்பையும் உடனுக்குடன் புதுப்பித்துவிடுங்கள். மெக்சிகோ 2022இல் கோடைக்கால நேரத்தையே பெரும்பாலான பகுதிகளில் கைவிட்டது. எகிப்து 2023இல் அதை மீண்டும் கொண்டுவந்தது.

காப்புநகலைப் பற்றி ஒரு வார்த்தை. கைப்பேசியில் ஒருவர் நாட்காட்டியை அழித்தால் சர்வரிலும் அது அழிந்துவிடும். ஒத்திசைவின் வேலையே அதுதான். தரவுத்தளப் பிரதியோடு சோகோவின் சொந்தக் கருவியாலும் தினமும் நகல் எடுக்கிறோம். அதிலிருந்து ஒருவருடைய ஒரு நாட்காட்டியை மட்டும் மீட்க முடியும். மற்றவர்களின் அன்றைய பதிவுகளுக்குச் சேதம் வராது.

இன்றுவரை முழுத் திருப்தி தராதது, பணியிலிருந்து விலகுபவர்களின் கூட்டங்கள். கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் யார் என்பது நிகழ்வுக்குள்ளேயே பதிந்திருக்கும். அவர் கணக்கை மூடிவிட்டால் அந்தக் கூட்டத்தை மாற்றவோ ரத்து செய்யவோ முறையாக ஆள் இல்லை. அறையோ வாராவாரம் பதிவாகிக்கொண்டே இருக்கும். இப்போது குழுக் கூட்டங்களை அந்தந்தக் குழுவின் பொதுக் கணக்கிலிருந்தே ஏற்பாடு செய்யச் சொல்கிறோம். விலகுபவரின் கணக்கை முடக்குவதற்கு முன், அவர் நடத்தும் தொடர் கூட்டங்களின் பட்டியலை எடுத்து அவருடைய மேலாளருக்கு அனுப்புகிறோம். விலகுபவரே அவற்றை ரத்து செய்துவிட்டுப் போக வேண்டும், தேவையானவற்றை அடுத்தவர் புதிதாகத் தொடங்க வேண்டும்.