மில்லிங் பிராக்டிகலில் ஒருமுறை விழுந்து எழுந்தவன் சொல்வது

ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. மெஷினிஸ்ட் டிரேடு பிராக்டிகல், இரண்டாவது தடவையில் பாஸ். போன தடவை மில்லிங்கில் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவுவது) என்னைக் கவிழ்த்தது ஒரு பிசிறு, வெட்டிய ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய உலோக முள்.

எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கட்டையை 50 மி.மீ. சதுரமாக்க வேண்டும். முதல் முகம் பளபளவென்று வந்துவிட்டது. அந்தக் குஷியில் ஓரத்தில் அரம் போடாமல் கட்டையைத் திருப்பி, அதைப் பிடிக்கும் வைஸில் கட்டினேன். பிசிறு போய் ஃபிக்ஸ்டு ஜாவுக்கும் (வைஸின் அசையாத தாடை) முகத்துக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டது. நாலு முகமும் ஓட்டி முடித்து மூலைமட்டம் வைத்தால், இடுக்கில் வெளிச்சம். திரும்ப ஓட்டலாம் என்றால் அளவு ஏற்கெனவே 50-க்கு வந்துவிட்டது.

அப்புறம் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு ஜாப் ஆர்டர் ஷெட்டில் ஆறு மாதம் வேலை. அங்கிருந்த அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "வைஸைத் தொடறதுக்கு முன்னாடி அரத்தைத் தொடுடா." இந்தத் தடவை சட்டைப் பையிலேயே சின்ன அரம் வைத்திருந்தேன். ஒவ்வொரு முகம் முடிந்ததும் நாலு ஓரமும் தேய்த்து, வைஸையும், கட்டைக்கு அடியில் வைக்கும் சம உயரப் பட்டையான பேரலலையும் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த கட்டு.

முகங்களின் வரிசை: பெரிய முகம் முதலில். இரண்டாவதுக்கு அது ஃபிக்ஸ்டு ஜாவில் ஒட்ட, எதிர்ப்பக்கம் மூவிங் ஜாவுக்கும் கட்டைக்கும் நடுவே ஓர் உருளைக் கம்பி. எதிர்முகம் கோணலாக இருந்தாலும் கம்பி ஒரே கோட்டில் அழுத்துவதால், ஓட்டிய முகம் ஜாவோடு முழுக்கப் படியும். மூன்றாவதுக்கும் அதே பிடி, இரண்டாவது முகம் கீழே பேரலலில். நாலாவதுக்குக் கம்பி வேண்டாம்; நைலான் சுத்தியால் தட்டி, பேரலல் விரலுக்கு அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் மறுபடி கட்டுங்கள்.

மற்றவை அவசரமாக:

- 16 மி.மீ. விட்டமுள்ள ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எண்ட் மில் கட்டரால் எம்.எஸ். வெட்ட: நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகம் என்றால் சுமார் 500 ஆர்.பி.எம். நாலு பல், பல்லுக்கு 0.05 மி.மீ. என்றால் ஃபீட் (டேபிள் நகரும் வேகம்) நிமிடத்துக்கு 100 மி.மீ.
- கட்டர் அதிர்ந்து கத்தினால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். ஃபீடைக் குறைத்தால் பல் வெட்டாமல் தேய்க்கும்.
- டயல் தாண்டிவிட்டால் அரைச்சுற்று பின்னால் போய்த் திரும்ப வாருங்கள். பேக்லாஷ் (திருகுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள தளர்வு) நம்மை ஏமாற்றும்.
- பழைய மெஷினில் டௌன் மில்லிங் (பல் வெட்டும் திசையிலேயே கட்டையை நகர்த்துவது) வேண்டாம். டேபிளை இழுத்துக்கொண்டு போய்விடும்.
- வெட்டாத அச்சுகளை லாக் செய்யுங்கள்.

சூட்டோடு அளக்காதீர்கள். நம்ம வேலூர் வெயிலை நான் சொல்லவில்லை, வெட்டின சூடு. 50 மி.மீ. ஸ்டீல் 40 டிகிரி சூடேறினால் 0.02 மி.மீ.க்கு மேல் நீளும். சூட்டில் சரியாக 50.00 என்று நிறுத்தினால், ஆறிய பிறகு 49.98-க்குக் கீழே போய்விடும். கூலன்ட் ஊற்றி, ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டுவிடுங்கள். தேர்வு சென்டரில் டீ கிடையாது, தண்ணீர்தான்.

வைவாவில் முதல் கேள்வியே கம்பி எதற்கு என்பதுதான். பையிலிருந்த அரத்தை எடுத்துக் காட்டி, பிசிறில் ஆரம்பித்தேன்.