லேயில் முதல் இரண்டு நாள்: மூச்சு பழகிய கதை

எங்கள் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர். சுற்றுப்பட்டு ஊர்களிலும் பட்டாளத்தில் ஒருவர்கூட இல்லாத குடும்பம் குறைவு. அதனால் லடாக் போகிறோம் என்றதும் யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. பாதிக்கு மேல் குளிரைப் பற்றித்தான். அங்கே பல காலம் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்ற சித்தப்பா மட்டும் கம்பளி பற்றிப் பேசவே இல்லை. "இறங்குனதும் மொத ரெண்டு நாளு கம்முனு படுத்துக் கெடங்க. மலை இன்னா ஓடியா போவுது?" என்றார்.

வேலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 220 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏலகிரி ஏறினாலும் 1,100 மீட்டர் அளவுதான். லடாக்கின் லே நகரமோ 3,500 மீட்டர். டெல்லியில் காலை விமானம் ஏறினால் டிபன் நேரத்துக்கு அங்கே இறங்கிவிடலாம், சிக்கலே அதுதான். ஸ்ரீநகர் வழியாகச் சாலையில் போனால் ஸ்ரீநகரில் 1,600 மீட்டர், கார்கிலில் 2,700 மீட்டர் என்று தங்கித் தங்கி ஏறலாம். மணாலி சாலையில் அந்த வசதி குறைவு; நடுவில் பலரும் தங்கும் சர்ச்சு லேயைவிட உயரம், 4,200 மீட்டருக்கு மேல். எங்களுக்குக் கிடைத்த விடுமுறைக்கு விமானம்தான் தோதுப்பட்டது.

மலை மேல் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேயும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேயில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது.

கிளம்பும் முன் வேலூரிலேயே டாக்டரைப் பார்த்தோம். சல்ஃபா மருந்து யாருக்காவது ஒத்துக்கொள்ளாதா என்று முதலில் கேட்டுவிட்டு, அசிடசோலமைடு எழுதிக் கொடுத்தார். டயமாக்ஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். விரல் நுனிகள் மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். மச்சான் மாத்திரை வேண்டாம் என்றுவிட்டார். தினமும் விடியற்காலையில் கோட்டை அகழியைச் சுற்றி ஓடுகிறவர், எங்களில் நல்ல உடற்கட்டு அவருக்குத்தான்.

லேயில் இறங்கியதும் ஒன்றுமே தெரியவில்லை. வெயிலும் நீல வானமுமாக, உடனே கடைத்தெருவுக்குக் கிளம்பலாம் போல இருந்தது. உயர நோய் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்கு மேல்தான் தலைகாட்டும். சாயங்காலம் எனக்கு லேசான தலைவலி. மச்சானுக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. சாப்பாட்டு வாசனையே ஆகவில்லை, இரண்டு முறை வாந்தி. ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் எங்களுக்கெல்லாம் 88, 89 காட்டியது, அவருக்கு 81. வேலூரில் அந்த எண்ணைப் பார்த்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்போம்.

மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த டாக்டர் நுரையீரலில் நீர் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். அப்புறம் தரையில் டைல்ஸ் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மற்ற காலின் விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். மச்சான் பிசகாமல் நடந்தார். தடுமாறியிருந்தால் மூளையில் வீக்கம் என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நுரையோடு இருமல் வந்தாலோ நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுமே உயிருக்கு ஆபத்தானவை. காத்திருக்காமல் ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்க வேண்டும். மச்சானுக்கு இருந்தது மிதமான உயர நோய். சிறிது நேரம் ஆக்சிஜன் கொடுத்து, தலைவலி முழுதாகப் போகும்வரை ஒரு அடிகூட மேலே ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஓட்டமும் உடற்கட்டும் இதில் காப்பாற்றாது என்று அந்த டாக்டர் சொன்னதை, போகிற எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அன்று ராத்திரி என்னைப் பயமுறுத்தியது மனைவியின் மூச்சு. நாலைந்து முறை வேகமாக இழுத்தாள், அப்புறம் சத்தமே இல்லை. நான் எண்ணத் தொடங்கினேன். பத்தைத் தாண்டியதும் நீரிலிருந்து தலைதூக்கியவள் போல ஒரு பெருமூச்சு. மறுபடி அதேதான். ஆக்சிஜன் போதாமல் வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டையாக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது; அது குறைந்ததும் மூச்சு விடும் தூண்டுதலும் அடங்குகிறது. உயரத்தில் பலருக்கும் தூக்கத்தில் வருவதுதான், தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லை. தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சை இன்னும் மந்தமாக்கும் என்பதால் அவற்றைத் தொடக்கூடாது.

கார்பன் டையாக்சைடு குறையும்போது ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் காரப் பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றுகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். டயமாக்ஸ் இந்த வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் சில மணி நேரத்திலேயே ஏறினாலும், புதுச் சிவப்பணுக்கள் போதிய அளவு சேர வாரக்கணக்காகும். ராணுவத்தில் உயரத்துக்கு உடம்பு பழகுவதற்கென்றே முதல் கட்டமாக ஆறு நாள், அடுத்து நாலு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு நாலு நாள் என்று வைத்திருக்கிறார்கள். 1962 சீனப் போருக்கு அவசரமாக மேலே ஏற்றப்பட்ட வீரர்கள் பட்ட பாட்டிலிருந்து உயர மருத்துவத் துறை நிறையக் கற்றது. இந்தர் சிங்கும் உடனிருந்த ராணுவ மருத்துவர்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

மச்சானுக்கு மூன்றாம் நாள்தான் பசி வந்தது. பயணத் திட்டத்தை மாற்றினோம். கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர்; ஆனால் அதைக் கடந்து நுப்ரா பள்ளத்தாக்கில் இறங்கினால் ராத்திரி தூங்குவது 3,100 மீட்டரில், லேயைவிடக் கீழே. கணவாயில் படம் எடுத்த கையோடு வண்டி ஏறிவிட்டோம். பாங்காங் ஏரிக்கரையில் தூங்கினால் 4,200 மீட்டருக்கு மேல். 3,000 மீட்டரைத் தாண்டினால் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது பொதுக் கணக்கு. அதனால் பாங்காங்கைக் கடைசிக்குத் தள்ளினோம். அங்கே மச்சானுக்குத் தலைவலி இல்லை.

இவ்வளவு பாடுபட்டுப் பழகிய உடம்பு, ஊர் திரும்பிச் சில வாரங்களில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது. லீவுக்குக் கம்மவான்பேட்டை வந்து நாள் கழித்துத் திரும்பும் சிப்பாய், எத்தனை வருட சர்வீஸ் என்றாலும், மறுபடி பழகிய பிறகுதான் மேலே போகலாம்.