படத்தின் முதுகு

1994இல் எனக்குக் கிடைத்த வேலைக்குப் பெயரே கிடையாது. "படம் தூக்குற தம்பி" என்று கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்போது கோவையில் ஒரு கலர் லேபில் இருந்தேன். முதலாளி ஒரு புகைப்பட மன்றத்தில் செயற்குழு உறுப்பினர். மன்றம் சர்வதேசப் போட்டி ஒன்றை நடத்தியது. பிரிண்டுகளைக் கீறாமல், கைரேகை படாமல் எடுத்து வைக்கத் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னை அனுப்பிவிட்டார். தனிச் சம்பளம் இல்லை, சாப்பாடு உண்டு. இந்தப் போட்டிகளை 'சலோன்' என்பார்கள். வீட்டில் சலோனுக்குப் போகிறேன் என்றதும் அம்மா, "ஏஞ்சாமி, இப்பத்தானே முடி வெட்டுனே?" என்றாள்.

வேலை நடுவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்தது. பார்சல் பிரிப்பது. ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வொரு விதமாகக் கட்டியிருப்பார்கள். இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே நான்கு பிரிண்ட், பெரும்பாலும் 30×40 செ.மீ. நுழைவுக் கட்டணத்துக்கு சிலர் தபால்துறையின் பன்னாட்டு பதில் கூப்பன், அதாவது வெளிநாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டு, வைத்திருப்பார்கள். சிலர் டாலர் நோட்டைக் கார்பன் தாளில் மடித்து, வெளியே தெரியாதபடி அட்டையின் மடிப்புக்குள் செருகியிருப்பார்கள். தபால்காரர் கண்ணில் படக்கூடாது என்று அவர்கள் செய்த வேலை, எங்கள் கண்ணிலும் படாமல் போய்விடும். அட்டையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, அப்புறம் கூடையையே கவிழ்த்துத் தேடிய நாட்கள் உண்டு.

நடுவர்கள் உட்காரும் நாளில் ஹாலில் ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடிவிடுவோம். முன்னால் ஒரு சாய்வுப் பலகை, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு. எதிரே மூன்று நடுவர்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒன்றிலிருந்து ஐந்து வரை பொத்தான் வைத்த சின்னப் பெட்டி. அழுத்தினால் ஓரத்து மேசையில் எண்கள் எரியும், ஒருவர் கூட்டி எழுதுவார். மொத்தம் பதினைந்துக்குப் பத்து வந்தால் படம் கண்காட்சிக்கு உள்ளே, ஒன்பது என்றால் வெளியே. நான் பலகைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படத்தை வைப்பேன், எடுப்பேன், அடுத்ததை வைப்பேன். ஒரு படத்துக்கு ஐந்தாறு விநாடி. ஆறு மாதம் காத்திருந்து எடுத்ததோ, ஆயிரம் மைல் போய் எடுத்ததோ, எல்லாவற்றுக்கும் அதே ஐந்தாறு விநாடிதான்.

நடுவர்களுக்குப் படம் யாருடையது என்று தெரியக்கூடாது. பெயர் சொல்லமாட்டோம், நாடு சொல்லமாட்டோம். உலகம் முழுக்க இந்தச் சலோன்களில் பாதிக்கு மேற்பட்ட சட்டதிட்டம் இந்த ஒரு விஷயத்தைக் காப்பதற்காகவே இருக்கிறது என்று பிறகு புரிந்துகொண்டேன். ஆனால் பலகைக்குப் பின்னால் நின்ற எனக்கு எல்லாம் தெரியும். அவர்கள் பார்த்தது படத்தின் முகம். நான் பார்த்தது முதுகு.

முதுகில் ஓர் உலகமே இருந்தது. பெயர், முகவரி, தலைப்பு. பக்கத்தில் ஏற்கெனவே தேர்வான சலோன்களின் ஸ்டிக்கர்கள், ரப்பர் முத்திரைகள். ஒரே பிரிண்ட் ஏழெட்டு நாடு சுற்றிவிட்டு எங்களிடம் வந்திருக்கும். மூலை மழுங்கி, ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டி, கிட்டத்தட்ட ஒரு பாஸ்போர்ட். ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று முதலில் விளங்கவில்லை. முதலாளிதான் சொன்னார். 'ஃபியாப்' என்று ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பு இருக்கிறது, பெல்ஜியத்துக்காரர் மோரிஸ் வான் டி வெயர் முன்கை எடுத்து 1950இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கியது. அதன் ஆதரவு பெற்ற போட்டிகளில் இத்தனை படம், இத்தனை நாட்டில் தேர்வானால் பெயருக்குப் பின்னால் ஏஃபியாப், அதற்கு மேலே ஈஃபியாப் என்று போட்டுக்கொள்ளலாம். "டிகிரி மாதிரி தம்பி," என்றார். அவருக்கு இரண்டு படம் குறைந்தது, பாவம்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் லேபில் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரிதாக்கும் என்லார்ஜர் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் உண்டு. அவர் மூன்று வருஷமாக இந்தப் போட்டிக்குப் படம் அனுப்பி ஒன்றுகூடத் தேறவில்லை. அந்த வருஷம் ஓர் ஆட்டு மந்தைப் படம் அனுப்பியிருந்தார். மழை விட்டதும் தார் ரோட்டில் ஆடுகள், பின்னால் மழைக்குத் தலையோடு கொங்காடை போட்ட கிழவர், ரோடு முழுக்க வானத்தின் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்காக அவர் டெவலப்பரில் கையைவிட்டு, பேப்பரின் ஓர் இடத்தை மட்டும் உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு. நடுவர்களுக்குக் கண் சொக்கும் நேரம். அடுக்கிலிருந்து எடுக்கிறேன், முதுகில் அண்ணனின் கோணல் கையெழுத்து. பலகையில் வைத்தேன். பளபள பேப்பர், விளக்கு பட்டு ஒரு மூலை வெளுத்தது. கொஞ்சம் சாய்த்தேன். வெளுப்பு போனது. இன்னும் ஒரு விநாடி, இரண்டு விநாடி, கை எடுக்கவே இல்லை. நடு நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். எண்கள் எரிந்தன. நான்கு, மூன்று, மூன்று. பத்து.

அதற்கு அடுத்த படம் ஒன்பது வாங்கியது. அதை எவ்வளவு நேரம் காட்டினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அண்ணனின் படத்திலேயே மனம் நின்றுவிட்டது. முதுகில் போலந்து என்று இருந்தது மட்டும் நினைவிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து அதை அட்டைக்குள் வைத்து, டேப் ஒட்டி, ஊருக்குத் திருப்பி அனுப்பியதும் நான்தான்.

அண்ணன் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. படம் நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தப் போட்டி முடிவைப் பார்த்தாலும் பலகைக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை.

பிறகு பிரிண்டுகள் போய்விட்டன. இப்போது பெரும்பாலும் 1920×1080 அளவில் ஒரு கோப்பு வருகிறது, திரையில் விழுகிறது. தூக்க ஆள் வேண்டாம், மூலை மழுங்காது. முதுகும் கிடையாது. முதுகு இல்லாத படத்தை நம்புவது கஷ்டம் என்பதைப் பெரிய பெரிய நடுவர் குழுக்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டன.

ஆம்ஸ்டர்டாமில் நடக்கும் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ என்ற செய்திப் படப் போட்டியில் 2010இல் ஒரு தொகுப்பு பரிசு பெற்றது. உக்ரைனில் தெருச் சண்டைக்காரர்கள். அதில் ஒரு படத்தில் கையில் கட்டுப் போடுகிறார்கள், விரல்களுக்குப் பின்னால் யாருடையதோ ஒரு கால் துணுக்காகத் தெரிந்திருக்கிறது. எடுத்தவர் அதை அழித்துவிட்டார். கேமராவில் இருந்து வந்த மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டபோது கால் அங்கே இருந்தது. பரிசு பறிபோனது. எனக்கு அந்த ஆள்மேல் கோபம் வரவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். லேபில் எத்தனை கல்யாண போட்டோவில் எத்தனை மின்கம்பம், எத்தனை எச்சில் இலையை அழித்திருப்போம்! ஆனால் செய்திப் படம் வேறு சாதி. அதே போட்டியில் 2015இல், கடைசிக்கு முந்திய சுற்றுவரை வந்த படங்களில் ஐந்தில் ஒன்று இந்த மூலக் கோப்புச் சோதனையில் அடிபட்டுப் போனது. மூலக் கோப்புதான் இன்றைய முதுகு.

ஆனால் மூலக் கோப்பும் எல்லாவற்றையும் சொல்லாது. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியமும் பிபிசி வைல்ட்லைஃப் இதழும் சேர்ந்து நடத்திய காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இன் முதல் பரிசு ஓர் ஓநாய்க்குப் போனது. ஸ்பெயினில், இரவில், ஒரு பண்ணைக் கதவைத் தாண்டிக் குதிக்கிறது. பார்த்த யாரும் மறக்க முடியாத படம். கோப்பில் ஒரு குற்றமும் இல்லை. அப்புறம்தான் சிலர் கேட்டார்கள்: கதவுக் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து போகவேண்டிய ஓநாய் ஏன் இவ்வளவு அழகாகத் தாண்டுகிறது? மாட்ரிட் பக்கத்தில் ஒரு விலங்குப் பூங்காவில் இருந்த பழக்கிய ஓநாயின் அடையாளங்களோடு ஒப்பிட்டார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். நடுவர்கள் நம்பவில்லை. 2010 ஜனவரியில் பரிசு ரத்து. கேமரா பொய் சொல்லவில்லை, ஓநாய்தான் வேறு.

துபாயின் ஹம்தான் புகைப்பட விருதில் 2019இல் முதல் பரிசு பெற்றது, வியட்நாமில் குழந்தைகளைச் சுமந்து நிற்கும் ஒரு தாயின் படம். 1,20,000 டாலர். முடிவு வந்த கையோடு அதே இடத்தில் எடுத்த வேறொரு படமும் வெளியே வந்தது. அதில் அந்தப் பெண்ணைச் சுற்றி ஒரு கூட்டமே கேமராவோடு நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் வெகுநேரம் பார்த்தேன். அந்த இரண்டாவது படத்தைத்தான் சொல்கிறேன், அது முதல் படத்தின் முதுகு.

சில வருஷங்களாக என்னையும் நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். பெரும்பாலும் இயற்கைப் பிரிவு. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. நடுவருக்குச் சோர்வைவிடப் பெரிய எதிரி, ஏற்கெனவே பார்த்தது. பர்மாவின் இன்லே ஏரியில் ஒற்றைக் காலில் துடுப்புத் தள்ளும் மீனவர் வருவார். அந்தக் கூம்பு வலையில் இப்போது மீன் பிடிப்பதைவிடப் படத்துக்கு நிற்பதுதான் அதிகம். பின்னாலேயே அதே ஊர்ப்பக்கத்துக் குட்டி பிக்குகள், சிவப்புக் குடை. புஷ்கர் ஒட்டகம், புழுதி, சூரியன். முதலில் பார்த்தபோது ஐந்து போட்ட படத்துக்கு நாற்பதாவது தடவை இரண்டு போடத் தோன்றும். அனுப்பியவருக்கோ அதுதான் முதல் தடவை, கடன் வாங்கிப் போய் எடுத்திருப்பார்.

கூட்டல் கணக்கும் ஒரு மாதிரியானதுதான். மூன்று, மூன்று, நான்கு வாங்கிய படம் உள்ளே வந்துவிடும். ஐந்து, இரண்டு, இரண்டு வெளியே. ஒருவருக்கு உயிரைக் கொடுக்குமளவு பிடித்த படம் போய்விட்டது, யாருக்கும் தொந்தரவு செய்யாத படம் சுவரில் தொங்குகிறது. கண்காட்சி முழுக்க ஒரே மாதிரி நல்ல படங்களாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கட்சி. பேசி முடிவெடுத்தால் என்ன என்பார்கள். பேசினால் குரல் பெரிய நடுவர் ஜெயிப்பார், அதையும் பார்த்தாயிற்று.

ஒருமுறை மட்டும் வாக்குவாதம் நல்லபடி முடிந்தது. கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவி ஒன்று திரையில் வந்தது. இயற்கைப் பிரிவில் மனிதர் செய்த பொருள் தெரியக்கூடாது என்பது விதி. பக்கத்தில் இருந்தவர் ஒன்று போட்டுவிட்டு, "மீட்டர்ல ரீடிங்கே தெரியுதுங்க" என்றார். நான் விதியின் மீதிப் பாதியைச் சொன்னேன். மனிதர் மாற்றிய இடத்துக்குப் பழகிக்கொண்ட உயிரினம் என்றால் செல்லும், விதியிலேயே கூகை ஆந்தையையும் நாரையையும் உதாரணம் காட்டியிருக்கிறது, காட்டு விலங்கின் கழுத்தில் ஆராய்ச்சிக்காகப் போட்ட ரேடியோ பட்டைகூடச் செல்லும். குருவிக்கு வேறு எங்கே வீடு இருக்கிறது என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுபடி போடச் சொன்னார். நான்கு போட்டார்.

2023இல் சோனி புகைப்பட விருதில் ஜெர்மனிக்காரர் ஒருவர் செயற்கை நுண்ணறிவில் செய்த படத்தை அனுப்பி, பரிசு கிடைத்ததும் வேண்டாம் என்றார். மறுவருஷமே வேறொரு போட்டியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இன்னொருவர் நிஜமான பூநாரைப் படத்தை அனுப்பி, பரிசும் வாங்கி, அசல் என்று சொன்னதால் நீக்கப்பட்டார். பொய்யாக இல்லை என்பதற்காக வெளியேற்றிய முதல் படம் அதுவாகத்தான் இருக்கவேண்டும்! எங்கள் மட்டத்துச் சலோன்களுக்கு இந்த வம்பு இனிமேல்தான் முழுசாக வரப்போகிறது.

போன முறை உட்கார்ந்தபோது லேப்டாப் பார்த்தது ஒரு கல்லூரிப் பையன். படம் திரையில் வந்து ஐந்து விநாடி ஆனதும் அவன் ஒரு பொத்தானைத் தட்டுவான். எங்கள் பெட்டியில் பச்சை விளக்கு எரியும், அப்புறம்தான் மதிப்பெண் போட முடியும். காலையிலிருந்து மெஷின் மாதிரி தட்டிக்கொண்டிருந்தான். சாப்பிட்டுவிட்டு வந்து அரை மணி இருக்கும். ஏதோ ஒரு குளம், பனி, ஒற்றை நாமக்கோழி. பச்சை விளக்கு வரவில்லை. ஏழு விநாடி, எட்டு விநாடி. மற்ற இரண்டு நடுவர்களும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது.

விளக்கு எரிந்தது. மூன்று போடலாம் என்று வைத்திருந்த படம். நான்கு போட்டேன்.