பர்மிங்காமின் கறுப்புக் கிறிஸ்து

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்துக்குப் போகிறவர்கள் எதிரே உள்ள கெல்லி இங்க்ரம் பூங்காவை முதலில் சுற்றிவிட வேண்டும். பாதையின் இருபுறமும் பாய்ந்து வரும் போலீஸ் நாய்களைச் சிற்பமாக வைத்திருக்கிறார்கள். உலோகம் என்று தெரிந்தும் நடுவே நடக்கும்போது உடம்பு ஒடுங்குகிறது.

1963 மே மாதம் அந்த நாய்களை நிஜமாகவே ஏவினார்கள், பள்ளிப் பிள்ளைகள்மேல். தீயணைப்புக் குழாய்களையும் திருப்பினார்கள். இந்த ஆலயத்தில் கூடி, பாடி, ஜெபித்து, இதே படிகளில் இறங்கி, கறுப்பரை ஒதுக்கிவைத்த நிறவெறிச் சட்டங்களுக்கு எதிராக ஊர்வலம் போன கறுப்பினப் பிள்ளைகள் அவர்கள். அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை என்று பயிற்சி பெற்றவர்கள். ஜெபம் வேறு, போராட்டம் வேறு என்று இங்கே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அதனால்தான் குண்டும் இங்கேயே வந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு காலை 10:22. ஆராதனைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகள் இறந்தார்கள்: ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர். மூவருக்கு வயது 14, டெனிஸுக்கு 11. 'மன்னிக்கிற அன்பு' என்பது அன்றைக்குக் குறித்திருந்த பொருள். குண்டு வைத்த கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை நிறவெறிக் கூட்டத்து ஆட்களில் ஒருவனுக்கு 1977இல்தான் தண்டனை கிடைத்தது. இன்னும் இருவருக்கு 2001, 2002 வரை ஆனது. நான்காமவன் வழக்கே இல்லாமல் செத்துப்போனான்.

உள்ளே பலிபீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் முக்கியமானது கண்ணில் படாது. திரும்பி, பின்பக்க மாடத்துக்கு மேலே பார்க்க வேண்டும். கைகளை விரித்த ஒரு கறுப்புக் கிறிஸ்து, வண்ணக் கண்ணாடியில். வேல்ஸ் நாட்டு ஜான் பெட்ஸ் செய்தது. பணக்காரர் ஒருவரே மொத்தமாகக் கொடுத்துவிடக் கூடாது என்று ஆளுக்கு அரை கிரவுன் (பழைய பிரிட்டிஷ் நாணயம்)தான் வரம்பு வைத்து, வேல்ஸ் மக்களிடம் காசு சேர்த்து, 1965இல் நிறுவினார்கள். வலது கை அநீதியைத் தடுக்கிறது. இடது கை மன்னிப்பை நீட்டுகிறது. கீழே மத்தேயு 25:40இலிருந்து எடுத்த வாசகம். "மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு" என்று சிறுவயதில் மனப்பாடம் செய்த வசனம்தான். கொடுமையையும் சேர்த்துத்தான் அவர் 'எனக்கே செய்தீர்கள்' என்கிறார் என்பது அங்கேதான் உறைத்தது. அந்த இடது கையைப் பார்த்து ஜெபிக்க எனக்கு வெகுநேரம் வார்த்தை வரவில்லை. வலது கை போதும் என்றிருந்தது.

முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையே போங்கள். சபை இன்றும் அங்கே கூடுகிறது.